சம்பளம் வந்தது தெரிகிறது, போனது தெரியவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில், அதாவது வருகையும் சம்பளமும் கணக்கு பார்க்கிற இடத்தில், உட்கார்ந்திருப்பவனுக்கு யாருடைய பணக் கஷ்டமும் ரகசியம் இல்லை. மாதம் 18-ம் தேதி தாண்டினால் போதும், அட்வான்ஸ் கேட்டு ஆள் வர ஆரம்பித்துவிடுவார்கள். பெயர் மாறும், காரணம் மாறும், தேதி மட்டும் அதேதான். 14,000 ரூபாய் கான்ட்ராக்ட் சம்பளத்தில் வாடகையும் கொடுத்து மூன்று பேர் சாப்பிடுகிற வீட்டுக்குச் சிக்கனம் பற்றிப் பாடம் எடுக்கிற தைரியம் எனக்கு இல்லை, அங்கே வருமானமே போதவில்லை. ஆனால் 22,000 வாங்குகிறவரும் 45,000 வாங்குகிறவரும் அதே 18-ம் தேதியில் வந்து நிற்கிறார்கள் என்றால், பணம் எந்தத் தேதியில் வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்பதிலும் கோளாறு இருக்கிறது என்றுதான் அர்த்தம். மனிதரைத் திருத்துவது கஷ்டம். வழியைத் திருப்பிவிடலாம்.

கீழே உங்கள் அறிகுறி எதுவோ அதை மட்டும் படியுங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் சரிசெய்யக் கிளம்பினால் ஒன்றும் நடக்காது.

எதற்கும் முன்னால்

மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட் எடுங்கள். ஆப்பில் கிடைக்கும், இல்லையென்றால் பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வாங்குங்கள். செலவுகளை வகை பிரித்து அட்டவணை போடுவதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். ஒன்றே ஒன்று பாருங்கள்: சம்பளம் ஏறிய பிறகு எந்தத் தேதியில் இருப்பு ஆயிரத்துக்குக் கீழே இறங்குகிறது? மூன்று மாதத்துக்கும் அந்தத் தேதியைக் குறித்து, அதற்கு முந்தைய ஐந்து நாட்களில் என்ன போயிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடக்கும்.

அறிகுறி: 7-ம் தேதி சம்பளம், பாதி மாதம் கூடத் தாங்குவதில்லை

எங்களிடம் அதிகம் வருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கத்துத் தம்பி ஒருவன், மெஷின் ஆபரேட்டர், கேன்டீனில் உட்கார்ந்து போனை என்னிடம் நீட்டினான். "டீ, பிரியாணின்னு ரொம்பச் செலவு பண்றேன்ணா, அதைக் குறைச்சுட்டா சரியாயிடும்" என்றான். ஸ்டேட்மென்ட் வேறு கதை சொன்னது. 7-ம் தேதி 21,300 வரவு. அன்று மாலையே நண்பனுக்கு 4,000, மச்சானுக்கு 2,500, மளிகைக் கடைக்கு 1,500. மூன்றும் போன மாதம் வாங்கியது. 8-ம் தேதி பைக் ஈஎம்ஐ 3,450. 10-ம் தேதி போன் ஈஎம்ஐ 1,899, ரூம் வாடகை 4,500. ஆக 10-ம் தேதி ராத்திரி கையில் மிச்சம் 3,451 ரூபாய், அடுத்த சம்பளத்துக்கு இன்னும் 27 நாள். பிரியாணிக்கு இதில் பங்கு ரொம்பக் குறைவு. அந்த எட்டாயிரம் கைமாற்றுதான் விஷயம்: திருப்பிக் கொடுத்ததால் பணம் இல்லை, பணம் இல்லாததால் மறுபடியும் வாங்குகிறான், ஒவ்வொரு மாதமும் அதே எட்டாயிரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என்றைக்கோ ஒரு மாதம் விழுந்த பள்ளம், அது எதனால் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை.

இதற்கு என்ன செய்வது? எட்டாயிரத்தையும் ஒரே மாதத்தில் அடைக்கிறேன் என்று வீம்பு பிடித்தால் 20-ம் தேதி தினவசூல் கடன் கொடுக்கும் தண்டல்காரரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். அதனால் கொடுக்க வேண்டியதை முழுதாகக் கொடுத்துவிட்டு, இந்த மாதம் வாங்குவதை ஏழாயிரமாகக் குறையுங்கள், அடுத்த மாதம் ஆறாயிரம். மெதுவாகத்தான் இறங்கும். தீபாவளி போனஸ் வரும்போது (சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம்) முதலில் இந்தப் பள்ளத்தில் போட்டு மூடுங்கள், டிவி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தம்பிக்கு இதைச் சொன்னபோது முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. புது டிவிக்கு அட்வான்ஸே கொடுத்து வைத்திருந்தான்.

இன்னொன்று, சம்பள அக்கவுண்டில் யூபிஐ வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். தனியாக ஒரு ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் திறந்து யூபிஐயை அதில் இணையுங்கள். ஈஎம்ஐயும் வாடகையும் போக மிச்சத்தை நான்காகப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பங்கை மட்டும் அந்த அக்கவுண்டுக்கு அனுப்புங்கள். ஏன் ஞாயிறு என்றால் நம் பக்கத்து வீடுகளுக்கு வாரக் கணக்கு பழக்கமானது. ஞாயிறுதோறும் கூடும் போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போகிற குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு என்ன வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, மாதக் கணக்கில்தான் எல்லோருக்கும் தடுமாற்றம்.

ஈஎம்ஐ தேதி சம்பளத் தேதிக்கு முன்னால் விழுகிறதா என்றும் பாருங்கள். 5-ம் தேதி ஈஎம்ஐ, 7-ம் தேதி சம்பளம் என்றால் அது திரும்பிப் போகும், பேங்கும் கடன் கொடுத்தவரும் தனித்தனியாக அபராதம் போடுவார்கள். தேதியை மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள். சில இடங்களில் மாற்றித் தருகிறார்கள், கேட்காதவருக்கு யாரும் தருவதில்லை.

அறிகுறி: பெரிய செலவே இல்லை, ஆனாலும் கரைகிறது

இரண்டு இடங்களில் தேடுங்கள். ஒன்று, யூபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதி. ஒரு ரூபாய்க்கு டிரையல் என்று எப்போதோ தட்டியது மாதம் 199, 299 என்று உருவிக்கொண்டிருக்கும், 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் கேட்காது. தேவையில்லாததை அங்கேயே ரத்து செய்யலாம். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை 436 ரூபாயும் 20 ரூபாயும் பேங்கில் பிடித்திருந்தால் அதில் கை வைக்காதீர்கள். அவை பிரதமர் ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீடுகள், தலைக்கு இரண்டு லட்சம். ஏதோ தண்டம் என்று நினைத்து ரத்து செய்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, சில்லறை ஸ்கேன். ரூபாய் நோட்டை மாற்றும்போது வரும் சின்னத் தயக்கம் ஸ்கேன் செய்யும்போது வருவதில்லை. யூபிஐ லைட்டில் (ஆப்புக்குள்ளேயே இருக்கும் சின்னப் பர்ஸ்) வாரத்துக்கு 500 ஏற்றி, ஆட்டோ டாப்-அப்பை நிறுத்தி வையுங்கள். டீ, பஜ்ஜி, ஷேர் ஆட்டோ எல்லாம் அதிலிருந்து மட்டும். புதன்கிழமையே தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான். டாப்-அப்பை நிறுத்தாவிட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும், பின் கூட அழுத்த வேண்டாமே.

அறிகுறி: கிரெடிட் கார்டுக்கு மாதாமாதம் கட்டுகிறேன், பாக்கி குறையவே இல்லை

மினிமம் டியூ, அதாவது பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறீர்கள். கணக்கைப் பாருங்கள். பாக்கி 40,000. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,400, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252, மொத்தம் 1,652. மினிமம் டியூ ஐந்து சதவீதம் என்றால் 2,000. நீங்கள் கட்டிய இரண்டாயிரத்தில் கடனில் கழிந்தது 348 ரூபாய். அதோடு, பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். இது தெரியாமல் "50 நாள் ஃப்ரீதானே" என்று பெட்ரோல் போடுகிறவர்கள் ஏராளம்.

கார்டை ஆப்பிலேயே லாக் செய்யுங்கள். முடிந்தால் பாக்கி முழுவதையும் குறைந்த வட்டிக் கடனாக மாற்றுங்கள், பேங்கில் நகைக் கடன், கூட்டுறவு சங்கக் கடன் எதுவானாலும் இதைவிடத் தேவலை. மாற்றிய பிறகு கார்டைத் திறந்தால் இரண்டு கடன் ஆகிவிடும், அதை மட்டும் மறக்க வேண்டாம். நோ காஸ்ட் ஈஎம்ஐ பற்றி ஒரு வரி: பூஜ்ய வட்டி என்ற பேச்சை ரிசர்வ் வங்கி 2013-லேயே ஏற்கவில்லை, வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கிறது அல்லது தள்ளுபடியை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள்.

அறிகுறி: ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன்

நம் பக்கம் தண்டல் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான்: பத்தாயிரம் என்று எழுதி கையில் 8,500 தருவார்கள், தினம் நூறு ரூபாய், நூறு நாள். "1,500 தானே, 15 பர்சென்ட்தானே" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் அந்த 8,500 முழுதாக உங்களிடம் நூறு நாளும் இருப்பதில்லை, சராசரியாகப் பாதிதான் இருக்கிறது. வருடக் கணக்கில் சுமார் 120 சதவீதம் வருகிறது. இதைவிடக் கொடுமை இடையில் புதுப்பிப்பது. அறுபது நாள் கட்டியதும் "புதுசா எடுத்துக்கோங்க" என்பார். புதிய பத்தாயிரத்தில் 1,500 பிடித்தம், பழைய பாக்கி 4,000 பிடித்தம், கையில் 4,500. பழைய கடனின் மிச்ச நாற்பது நாளுக்கும் சேர்த்து வட்டி ஏற்கெனவே கொடுத்தாயிற்று, இப்போது அதே பணத்துக்கு மறுபடியும் கொடுக்கிறீர்கள். எனவே, தண்டலை உடனே நிறுத்த முடியாவிட்டாலும் இடையில் புதுப்பிப்பதை மட்டுமாவது நிறுத்துங்கள். நூறாவது நாள் வரை கட்டி முடித்து, ஒரு வாரம் கழித்து, அப்போதும் தேவையா என்று பாருங்கள். கட்டி முடித்த பிறகு அந்த நூறு ரூபாயை அதே நேரத்தில் ஒரு டப்பாவில் போடுங்கள். நூறு நாள் கட்டிய கைக்கு அது பழகிப்போயிருக்கும். நூறு நாள் போட்டால் பத்தாயிரம், அடுத்த சரக்குக்கு முதல் அதுவே.

மிரட்டல் வந்தால் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2003-ம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. காவல் நிலையத்திலும் சொல்லலாம், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனிகளின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. போன் நம்பர்களையும் போட்டோக்களையும் எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டும் கடன் ஆப் என்றால் பணம் கட்டிச் சமாளிக்கப் பார்க்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

வாரா வாரம் வீட்டு வாசலில் கூடிக் கட்டும் குழுக் கடன் வேறு, மகளிர் சுய உதவிக் குழு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு தொடங்கியதே 1989-ல் இங்கே, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான். அதில் முதலில் சேமிப்பு, அந்தச் சேமிப்பிலிருந்து உள்கடன், அப்புறம்தான் பேங்க் கடன். வீட்டில் யாராவது குழுவில் இருந்தால் தண்டலுக்கு முன்னால் அங்கே கேளுங்கள். வாரக் கடன் ஏற்கெனவே இருக்கிறதென்றால் எல்லாத் தவணைகளையும் கூட்டிப் பாருங்கள்: ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் விதி இருக்கிறது. கடன் கொடுக்க வருகிறவர் அதைக் கேட்காவிட்டாலும் நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நகை பேங்கில் போனது, வீட்டுக்கு வரவே இல்லை

வருடா வருடம் வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறீர்கள். தங்கம் விலை ஏறும்போது இது இன்னும் மோசமாகிறது, ஏனென்றால் "அதே நகைக்கு இன்னும் இருபதாயிரம் கூட வாங்கிக்கலாம்" என்று கவுன்ட்டரிலேயே சொல்வார்கள், நாமும் ஏதோ லாபம் வந்த மாதிரி வாங்கிக்கொள்வோம். ஏறியது உங்கள் நகையின் மதிப்பு, வாங்கியது கடன். வைக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே ரசீதில் வைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்து வையுங்கள், சின்ன ரசீதை முதலில் மீட்டுவிடலாம். ஒரு செயின் வீட்டுக்கு வந்தால் அடுத்ததை மீட்கத் தெம்பு தானாக வரும்.

அறிகுறி: சீசனில் கை நிறையப் பணம், ஆறு மாதத்தில் கடன்

சம்பளக்காரர்களை விட்டு விவசாயிகளுக்கு வருவோம். மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு மே முதல் ஜூலை வரைதான் வரவு, மிச்ச மாதமெல்லாம் செலவு. தக்காளிக்காரர் கதை ராயக்கோட்டை விலையைப் பொறுத்தது. தர்மபுரிக்குப் பட்டுக்கூடு கொண்டுபோகிறவருக்குப் பரவாயில்லை, வருடத்தில் பல முறை பணம் பார்க்கிறார்.

இங்கே ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர்க்காரர்களைப் பற்றியது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் அறுவடைக்கு முன்பும் பின்பும் அதே மாதிரி அறிவுத்திறன் சோதனைகள் செய்து 2013-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அதே ஆள், கையில் பணம் இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் குறைவாகச் செய்தார், பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார். பணத் தட்டுப்பாடு யோசிக்கிற இடத்தையே அடைத்துக்கொள்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். தோப்பைப் பூவிலேயே குறைந்த விலைக்கு வியாபாரிக்கு விட்டுவிட்டு வருந்துகிறவர் முட்டாள் இல்லை, அந்த முடிவை எடுத்த மாதம் அப்படி.

அதனால் பணம் தட்டுப்பாடான மாதத்தில் எடுக்க வேண்டிய முடிவை, பணம் இருக்கும் மாதத்திலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மண்டிப் பணம் ஏறிய வாரமே மூன்று வேலை. உரக்கடை பாக்கியை முடியுங்கள். அடுத்த பருவத்துக்கு மருந்து, உழவு, கூலிக்கு ஆகும் தொகையை டெபாசிட்டில் போடுங்கள். மிச்சத்தை அடுத்த சீசன் வரை உள்ள மாதங்களால் வகுத்து, ஒவ்வொரு பங்கையும் ஒவ்வொரு மாதத்தில் முதிரும்படி தனித்தனி டெபாசிட்டாகப் போடச் சொல்லுங்கள். பேங்கில் முணுமுணுப்பார்கள், "ஒண்ணா போட்டுடுங்களேன்" என்பார்கள், விடாதீர்கள். ஸ்கூல் ஃபீஸ் ஜூனில் வரும், அந்தப் பங்கு மட்டும் பெரிதாக இருக்கட்டும். மேலே ஏதாவது நின்றால் பைக்கோ, எருது விடும் விழாவுக்குக் காளையோ, உங்கள் விருப்பம்.

அறிகுறி: விசேஷ மாதங்களில் மட்டும் குப்புற விழுவது

மொய் திடீர்ச் செலவு மாதிரி வருகிறது, ஆனால் அது திடீர்ச் செலவே இல்லை. தை, வைகாசி, ஆவணி என்று மாதங்கள் தெரியும், ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்றும் தெரியும், யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பதும் மொய் நோட்டில் எழுதியே இருக்கிறது. அந்த நோட்டை எடுத்து, இந்த வருடம் வரக்கூடிய விசேஷங்களைக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் தனியே எடுத்து வையுங்கள். நோட்டில் இருப்பதைவிடக் கூடுதலாகச் செய்து பெருமை தேடும் ஆசைக்கு என்னிடம் மருந்து இல்லை.

அறிகுறி: விட்டதைப் பிடிக்கிறேன் என்று இன்னும் போடுவது

ஆன்லைன் ரம்மி, ஷேர் மார்க்கெட் ஆப்ஷன் இரண்டும் இப்போது ஷிஃப்ட் இடைவேளையிலேயே ஓடுகிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 சட்டம் தடை செய்துவிட்டது, அதன் பிறகும் லிங்க் அனுப்புகிறவன் திருடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்ஷன் பக்கம், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளைப் பார்த்த செபி (ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கும் அமைப்பு), ஃப்யூச்சர்ஸ்-ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் என்று சொன்னது. சம்பள அக்கவுண்டின் யூபிஐயை வீட்டம்மாவின் போனுக்கு மாற்றுங்கள். கை நிற்கவில்லை, தூக்கம் போகிறது என்றால் 14416, டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி: இரண்டு மாதம் சரியாகப் போனது, மறுபடியும் பழைய கதை

பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, ஓவராக இறுக்கிவிட்டீர்கள், வாரம் ஒரு நாள் சிக்கன் கூட இல்லாத பட்ஜெட் யாருக்கும் நிற்காது. இன்னொன்று, வீட்டில் சொல்லவில்லை. நீங்கள் மட்டும் கடனை மறைத்து வைத்துக்கொண்டு இறுக்கிப் பிடிப்பீர்கள், வீட்டில் தீபாவளிச் சீட்டும் நகைச்சீட்டும் புதிதாகச் சேர்ந்திருப்பார்கள். மொத்தப் பாக்கியை ஒரு தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். அன்றைக்கு ஒரு சண்டை நிச்சயம், அதற்குத் தயாராகவே உட்காருங்கள்.

அறிகுறி: கடனும் இல்லை, சேமிப்பும் ஏறவில்லை

மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்க்கலாம் என்று காத்திருக்கிறீர்கள், எதுவும் மிஞ்சாது. சம்பளம் 7-ம் தேதி என்றால் 8-ம் தேதி தானாகப் பிடிக்கும்படி ஒரு ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். போஸ்ட் ஆபீஸில் மாதம் 100 ரூபாயிலிருந்தே ஐந்து வருட ஆர்டி இருக்கிறது.

கான்ட்ராக்டில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒவ்வொரு முறை கான்ட்ராக்டர் மாறும்போதும் பிஎஃப் பணத்தை எடுத்துவிடுகிறீர்கள், அது பத்து நாளில் காணாமல் போகிறது, திரும்பிப் பார்த்தால் எட்டு வருடம் வேலை செய்தும் கணக்கில் நாலாயிரம். 2024-25-க்கு பிஎஃப் வட்டி 8.25 சதவீதம், இந்த அளவுக்கு எந்தப் பெரிய பேங்க் டெபாசிட்டும் தரவில்லை. ஐந்து வருடம் தொடர்ந்து இருப்பதற்குள் எடுத்தால் வரிக் கணக்கிலும் சேரும். புதிய இடத்தில் சேரும் நாளிலேயே பழைய யூஏஎன் நம்பரை (பிஎஃப்-க்கு ஆளுக்கு ஒன்றாகத் தரும் நிரந்தர எண்) கொடுங்கள், இல்லையென்றால் உங்களுக்கு இன்னொரு நம்பர் போட்டுவிடுவார்கள், அப்புறம் இரண்டையும் சேர்க்க ஆதாரில் பெயர் எழுத்து, பிறந்த தேதி, அப்பா பெயர் என்று அலைய வேண்டும். நம்பர் தெரியாவிட்டால் பழைய சம்பளச் சீட்டில் இருக்கும், அதுவும் இல்லையென்றால் பழைய கம்பெனி டைம் ஆபீஸில் போய்க் கேளுங்கள், 18-ம் தேதிக்கு முன்னால் போனால் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்வார்கள்.